அச்சும் வார்ப்பும்

ஒன்றைப் போல மற்றொன்றை ஆக்கிக் கொள்ளுதல் மக்கள் கண்டறிந்த பழந்திறன்களுள் ஒன்றாகும். அத்திறன் பெருந்தொழிற்சாலைகளில் மட்டுமே உள்ளது என எண்ணுதல் பொருந்தாது. நம் அடுக்களையிலேயே அதனைக் காணலாம். பணியாரக் கல்லின் குழியில் ஊற்றிய மாவு, அக்குழியின் வடிவையே தன் வடிவாகக் கொண்டு வெந்து எழுகின்றது. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி மரப்பலகையின் குழிகளில் இட்டு ஆறவிட்டால் அஃது அச்சுவெல்லம் ஆகின்றது. குழி பத்தாயினும் நூறாயினும் ஒரு வெல்லம் மற்றொன்றை ஒத்தே இருக்கும். குழிவாக நின்று வடிவம் தருவது அச்சு. நெகிழ்ந்து உட்சென்று, இறுகி வெளிவருவது வார்ப்பு. இவ்விரண்டன் உறவை நன்குணர்ந்தவர் வார்ப்புக் கலையின் பாதியை உணர்ந்தவராவர்.

வார்த்தல் என்னும் சொல்லும் நமக்குப் புதியதன்று. நெய் வார்த்தல், கஞ்சி வார்த்தல், தோசை வார்த்தல் என நாள்தோறும் வழங்குகின்றோம். நீர்மப் பொருளை ஒழுக விடுதலே அதன் பொருள். ஒழுக விட்டது ஒரு வடிவில் இறுகி நின்றால் அதனை வார்ப்பு என்கிறோம். வார்ப்பிரும்பு என்னும் பெயர் இவ்வாறு அமைந்ததே. செயலும் செய்பொருளும் ஒரே அடிச்சொல்லில் நிற்பது தமிழின் இயல்புகளுள் ஒன்று.

சிற்றுருவும் அதன் தேவையும்

பெரும் பொருள் ஒன்றை அதன் அளவு பிறழாமல் சுருக்கிச் செய்வது சிற்றுரு எனப்படும். மாணவர் அறிவியற் கண்காட்சிக்கு அணை, பாலம், கலங்கரை விளக்கம், தொடர்வண்டி முதலியவற்றின் சிற்றுருக்களைச் செய்வதுண்டு. நீலகிரி மலைத் தொடர்வண்டியை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் 1899ஆம் ஆண்டிலும், பின்னர் உதகமண்டலம் வரையில் 1908ஆம் ஆண்டிலும் அப்பாதை திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அப்பாதையின் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1000 மில்லிமீட்டர். சிற்றுருவாளர் பலர் கையாளும் 87இல் ஒரு பங்கு என்னும் அளவில் அதனைச் சுருக்கினால், அவ்வகலம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் ஆகும்.

ஓடாது காட்சிக்கு மட்டும் நிற்கும் சிற்றுரு ஒன்றை ஒரு மாணவர் செய்யத் தொடங்குகிறார் என்று கொள்வோம். பெட்டி ஒன்றுக்கு எட்டுச் சக்கரங்களாக ஐந்து பெட்டிகளுக்கு நாற்பது சக்கரங்கள் வேண்டும். ஒன்றைச் செதுக்குவது அரிதன்று. நாற்பதையும் கையாற் செதுக்கினால் நாற்பதும் நாற்பது விதமாக அமையும். ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் பெட்டி சாய்ந்து நிற்கும். பல நாள் உழைத்தும் பயன் குறையும். ஒன்றைப் பிழையறச் செய்து, அதற்கு அச்செடுத்து, அவ்வச்சில் மற்றவற்றை வார்த்துக்கொள்வதே அறிவுடைய வழி. இக்காலத்தில் அதற்குப் பெரிதும் உதவுவது பிசின் வார்ப்பு.

பழைய வார்ப்பும் புதிய வார்ப்பும்

உலோக வார்ப்பில் நம் நாட்டார் பண்டே சிறந்து விளங்கினர். மொகஞ்சதாரோவில் 1926ஆம் ஆண்டில் கிடைத்த வெண்கல நடனமங்கையின் உயரம் ஏறத்தாழ 10.5 செண்டிமீட்டரே. அஃது மெழுகு வார்ப்பு முறையில் ஆக்கப்பட்டது என்பர். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் சிற்பியர் இன்றும் அம்முறையைப் போற்றி வருகின்றனர். தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்து உருவைச் செய்கின்றனர். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகின்றனர். பின்னர்ச் சூடேற்றி உள்ளிருக்கும் மெழுகை உருக்கி வெளியேற்றுகின்றனர். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்க்கின்றனர். இறுதியில் மண்ணச்சை உடைத்தே சிலையை எடுத்தல் வேண்டும். ஆதலின் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அச்சிலை ஒப்பற்ற தனிப்படைப்பாக நிற்கும்.

பிசின் வார்ப்பின் நோக்கம் இதற்கு மாறானது. அங்கே ஒன்று ஒன்றாகவே நிற்றல் வேண்டும். இங்கே ஒன்று பலவாதல் வேண்டும். அங்கே அச்சு அழியும். இங்கே அச்சு வளைந்து கொடுத்துப் பொருளை வெளியே விட்டுப் பின்னும் நிற்கும். எனினும் இரண்டிலும் வெற்றிடமே வடிவைக் காத்துத் தருகின்றது.

பிசினின் வரலாறு

மரத்திலிருந்து கசிந்து இறுகும் பொருளையே நம் முன்னோர் பிசின் என்றனர். இன்று அச்சொல் வேதியியல் முறையில் ஆக்கப்படும் பொருள்களையும் குறிக்கின்றது. பெல்சிய நாட்டில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்டு என்னும் அறிஞர், 1907ஆம் ஆண்டில் பேக்கலைட்டு என்னும் செயற்கைப் பிசினை ஆக்கினார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் காஸ்தான், 1930களில் செயற்கைப் பல்வரிசைக்கு ஏற்ற பொருளைத் தேடுகையில் எப்பாக்சி வகைப் பிசினை உருவாக்கினார். செருமானியரான ஓட்டோ பேயரும் அவர்தம் துணைவரும் 1937ஆம் ஆண்டில் பாலியூரித்தேன் என்னும் பொருளுக்கு அடிகோலினர். இவ்விரண்டுமே இன்று சிறு வார்ப்புகளுக்கு மிகுதியாகப் பயன்படுவன.

அச்சுக்குரிய சிலிக்கோன் ரப்பரின் வரலாறும் அறியத்தக்கது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஆராய்ந்த பிரெடரிக் கிப்பிங் என்பார், சிலிக்கான் சேர்ந்த கரிமச் சேர்மங்களை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆராய்ந்தார். சிலிக்கோன் என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. ஆயினும் தம் ஆராய்ச்சியால் உலகியற் பயன் விளையும் என்னும் நம்பிக்கை அவருக்கு இல்லை. அவர் ஒட்டும் பசை எனக் கருதி ஒதுக்கியவற்றின் இனத்திலிருந்தே பிற்காலத்தார் பயன்மிக்க ரப்பரை உண்டாக்கினர். உண்மையை நாடிச் செய்த உழைப்பு வீண்போவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

பிசின் இறுகும் முறை

மெழுகு ஆறினால் இறுகும். சூடேற்றினால் மீண்டும் உருகும். வெண்கலமும் அவ்வாறே. வார்ப்புக்குரிய இப்பிசின்களின் இயல்பு வேறு. அடிப்பிசின், கெட்டியாக்கி என இரு நீர்மங்கள் தனித்தனிக் கலங்களில் வருகின்றன. தனித்திருக்கும்வரை இரண்டும் நெகிழ்ந்தே இருக்கும். அளவாகக் கலந்தவுடன் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலைபோல் ஆகின்றன. அவ்வலை அமைந்தபின் சூடேற்றினும் பிசின் பழைய நீர்ம நிலையை அடையாது. வெந்த தோசை மீண்டும் மாவாகாது அன்றோ? அதனைப் போன்றதே இதுவும். ஆகவே பிழைபட்ட வார்ப்பை உருக்கி மறுமுறை வார்த்தல் இயலாது. கலக்குமுன் எண்ணுக, கலந்தபின் எண்ணிப் பயனில்லை.

இப்பிணைப்பு நிகழும்போது வெப்பம் வெளிப்படும். சிறு துண்டில் அவ்வெப்பம் விரைந்து வெளியேறிவிடும். ஒரே கலத்தில் மிகுதியாகக் கலந்து வைத்தால் வெப்பம் உள்ளேயே திரண்டு, பிசின் கொதித்துப் புகைவதும் உண்டு. வெப்பம் கூடக்கூட இறுகும் விரைவும் கூடும். ஆதலின் சித்திரை மாதத்து நண்பகலில் கலந்த பிசின், மார்கழிக் காலையிற் கலந்ததைவிட விரைவில் கெட்டிப்படும். எப்பாக்சிப் பிசின் முற்றும் இறுகப் பெரும்பாலும் ஒருநாள் ஆகும். பாலியூரித்தேன் வகைகளுட் பல, கலந்த சில நிமிடங்களிலேயே ஊற்றத் தகாதனவாகிவிடும். தொடக்கத்தார்க்கு மெல்ல இறுகும் வகையே நன்று.

மூலவுரு

அச்செடுப்பதற்கு முதலில் வேண்டுவது மூலவுரு. அதனை மரம், பிளாஸ்டிக் தகடு, உலோகம் முதலிய எதனாலும் செய்யலாம். செய்தபின் மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குதல் வேண்டும். சிலிக்கோன் ரப்பர் மிக நுண்ணிய கோட்டையும் பற்றிக்கொள்ளும் இயல்பினது. மூலவுருவின்மேல் விரல்ரேகை படிந்திருந்தால் அதனையும் விடாது. மூலவுருவில் ஒரு கீறல் இருந்தால் நாற்பது சக்கரங்களிலும் அக்கீறல் இருக்கும். பின்னர் நாற்பதைத் திருத்துவதினும் முன்னர் ஒன்றைத் திருத்துவது எளிது. மரம் போன்ற நுண்துளையுடைய பொருளாயின், வண்ணமோ மெருகெண்ணெயோ பூசித் துளைகளை அடைத்த பின்னரே அச்செடுத்தல் வேண்டும்.

ஒருபக்க அச்சு

ஒருபுறம் தட்டையாக உள்ள பொருளுக்கு ஒருபக்க அச்சே போதும். பெட்டியின் மறைவில் நிற்கும் சக்கரத்தின் பின்புறம் தட்டையாக இருக்கலாம். ஆதலின் அதற்கு இம்முறை ஏற்கும். மூலவுருவின் தட்டைப் பக்கத்தை ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பலகையில் ஒட்டுக. கண்ணாடித் தட்டு வேண்டா. சிலிக்கோன் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் ஒரு செண்டிமீட்டரேனும் இடைவிட்டு, அட்டையாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ நான்கு சுவர்களை எழுப்புக. மூட்டுவாய்களைக் களிமண்ணால் அடைத்திடுக. ஊசித்துளை இருப்பினும் ரப்பர் அதன்வழியே ஒழுகிவிடும்.

சிலிக்கோன் ரப்பரில் வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது ஒருவகை; பிளாட்டினச் சேர்மத்தால் இறுகுவது மற்றொருவகை. பின்னது சுருங்குதல் மிகக் குறைவு, நெடுநாள் உழைக்கும். ஆனால் கந்தகம் பட்டால் அது இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். சில உருவக் களிமண்களிலும், மரப்பால் கையுறைகளிலும் கந்தகம் உண்டு. ஆகவே கந்தகமற்ற களிமண்ணையே வாங்குதல் வேண்டும். ஐயம் இருப்பின் ஒரு துளி ரப்பரை மூலவுருவின் ஓரத்தில் இட்டுச் சோதித்துப் பார்த்தல் அறிவுடைமை.

எவ்வளவு ரப்பர் கலக்க வேண்டும்? பெட்டியின் உள்ளளவு 6 செண்டிமீட்டர் நீளம், 5 செண்டிமீட்டர் அகலம், 2 செண்டிமீட்டர் உயரம் எனில் அதன் கொள்ளளவு 60 கன செண்டிமீட்டர். மூலவுருவின் பருமனை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பெட்டி ஒழுங்கற்ற வடிவினதாயின் உலர்ந்த அரிசியைப் பெட்டி நிறையக் கொட்டி, அவ்வரிசியை அளவுக் குவளையில் இட்டுப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். பின்னர் ஒரு தூசியும் இராதபடி தூரிகையாற் துடைத்தல் வேண்டும். அவ்வரிசியை உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

ரப்பரை முதலில் சிறிது எடுத்து மூலவுருவின்மேல் தூரிகையாற் பூசுக. மூலை முடுக்குகளில் காற்று தங்காமைக்கு இது வழி. எஞ்சியதைச் சற்று உயரத்திலிருந்து, நூல்போல் மெலிந்த ஒழுக்காக, பெட்டியின் ஒரே மூலையில் ஊற்றுக. மெல்லிய ஒழுக்கில் குமிழிகள் இழுபட்டு உடையும். மூலையில் விழுந்த ரப்பர் தானே படர்ந்து, காற்றை முன்னே தள்ளிக்கொண்டு மூலவுருவை மூடும். இறுகியபின் சுவர்களை நீக்கி அச்சை வளைத்தால் மூலவுரு எளிதில் வெளிவரும்.

முதலில் ஒற்றை அச்சில் எட்டுச் சக்கரங்களை வார்த்து, அவை எட்டையும் நன்கு திருத்தி, அவற்றை ஒரே பெட்டியில் ஒட்டி இரண்டாம் அச்சு ஒன்று எடுக்கலாம். அதன்பின் ஒருமுறை ஊற்றினால் எட்டுச் சக்கரங்கள் கிடைக்கும். ஐந்து முறையில் நாற்பதும் நிறையும். ஆனால் வார்ப்பிலிருந்து அச்செடுத்து மீண்டும் வார்க்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் சிறிது சுருக்கம் சேரும். அளவு கருதும் வேலையில் இதனை மறத்தலாகாது.

இருபக்க அச்சு

எப்பக்கமும் உருவமுடைய புகைபோக்கி, விளக்கு, மனித உரு முதலியவற்றுக்கு இருபக்க அச்சு வேண்டும். பண்ணுருட்டி முதலிய ஊர்களிற் கொலுப் பொம்மை செய்வோர் இரண்டு பாதி அச்சுகளைக் கொண்டே வேலை செய்கின்றனர். மூலவுருவைப் பாதி மறையுமாறு களிமண்ணில் பதித்திடுக. சுற்றியுள்ள களிமண்ணில் சிறு குழிகள் சிலவற்றை இடுக. பெட்டி அமைத்து ரப்பரை ஊற்றினால் அக்குழிகள் முதற்பாதியில் முளைகளாகத் தோன்றும். பின்னர்த் தலைகீழாகத் திருப்பிக் களிமண்ணை முற்றும் அகற்றி, மறுபாதியை ஊற்றுதல் வேண்டும். முளைகளுக்கு ஏற்ற குழிகள் மறுபாதியில் அமையும். இரு பாதிகளும் மயிரிழையும் பிறழாமல் பொருந்துவதற்கு அவையே துணை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலிக்கோன் பிற பொருள்களில் பெரும்பாலும் ஒட்டாது. தன் இனத்தோடு நன்கு ஒட்டிக்கொள்ளும். இடையில் பெட்ரோலியக் களிம்பை மெல்லெனப் பூசாமல் மறுபாதியை ஊற்றினால், இரு பாதியும் ஒன்றாகி மூலவுரு உள்ளே சிறைப்படும். பிறகு கத்தி கொண்டு அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிசினை ஊற்றுதற்கு ஓர் ஊற்றுவாயும், உள்ளிருக்கும் காற்று வெளியேறுதற்குக் காற்றுவழிகளும் அமைத்தல் வேண்டும். வார்ப்பின் மிக உயர்ந்த இடங்களிலிருந்தே காற்றுவழி தொடங்குதல் வேண்டும். காற்று மேலே சென்று தங்கும் இயல்பினது. தும்பிக்கையின் நுனி மேல்நோக்கிய யானைப் பொம்மைக்கு அந்நுனியில் ஒரு வழி இல்லையாயின், நுனி இல்லாத யானையே கிடைக்கும்.

அளவும் கலவையும்

பிசின் வார்ப்பிற் பெரும்பிழை நேருமிடம் கலவையே. எந்தப் பிசினுக்கு எவ்வளவு கெட்டியாக்கி என்பது கலத்தின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். 100 பங்கு அடிப்பிசினுக்கு 30 பங்கு கெட்டியாக்கி என்று எடையளவிற் கூறப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 40 கிராம் அடிப்பிசினுக்கு 12 கிராம் கெட்டியாக்கி சேர்த்தல் வேண்டும். மொத்தம் 52 கிராம் கலவை ஆகும். எடையளவிற் கூறியதைக் கொள்ளளவாகக் கொள்ளுதல் கூடாது. இரு நீர்மங்களின் அடர்த்தியும் ஒன்றன்று.

கெட்டியாக்கியைக் கூடுதலாகச் சேர்த்தால் எப்பாக்சி விரைவில் இறுகும் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. வலை பின்னுதற்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட கெட்டியாக்கி இணையின்றி உள்ளேயே நின்றுவிடும்; வார்ப்பு மென்மையாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்துவிடும். குறைத்தாலும் அவ்வாறே. சமையலில் உப்புக் கைப்பக்குவத்தால் அமையும். பிசினுக்குத் தராசே பக்குவம்.

கலக்கும்போது குவளையின் பக்கங்களையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குதல் வேண்டும். பின்னர் வேறொரு தூய குவளையில் மாற்றி மீண்டும் கலக்குதல் நன்று. முதற்குவளையின் ஓரத்தில் கலவாது நின்ற பிசின் வார்ப்பிற் சேர்ந்தால், அவ்விடம் மட்டும் என்றும் இறுகாது. விரைந்து அடித்துக் கலக்கினால் காற்று உட்புகும். மெல்லக் கலக்குதலே முறை.

குமிழிகள்

நன்றாக முடிந்த வார்ப்பையும் குமிழி கெடுத்துவிடும். அச்சினுள் முதலில் சிறிது பிசினைக் குச்சியால் தடவி, பிறகு மெல்ல ஊற்றி, அச்சைப் பலமுறை தட்டினால் பெரும்பாலான குமிழிகள் மேலெழுந்து மறையும். தொழிற்கூடங்களில் காற்றை உறிஞ்சும் கலங்களையும் அழுத்தக் கலங்களையும் பயன்படுத்துகின்றனர். அழுத்தம் கூடினால் காற்றின் பருமன் குறையும் என்பது அறிவியற் பாடத்தில் மாணவர் கற்ற உண்மை. அழுத்தத்தில் வைத்து இறுகச் செய்யும்போது குமிழிகள் கண்ணுக்குப் புலப்படாத அளவிற்குச் சுருங்கி நின்றுவிடுகின்றன. ஆனால் அக்கலங்கள் அதற்கெனச் செய்யப்பட்டவையாதல் வேண்டும். வீட்டிலுள்ள பாத்திரத்தைக் காற்றழுத்தக் கலமாக்க முயல்வது உயிருக்கே கேடாய் முடியும்.

பாலியூரித்தேன் வகைக்கு ஈரம் பகை. நீர்ப்பசை பட்டால் அதிலுள்ள கெட்டியாக்கி நீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். வார்ப்பு நுரைத்துப் பொங்கும். மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களிலும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கலத்தைத் திறந்து வைத்தலும், ஈரக் குச்சியாற் கலக்குதலும் ஆகா.

உடலைக் காத்தல்

சிற்றுரு கெட்டால் வேறொன்று செய்துகொள்ளலாம். உடல் கெட்டால் அவ்வாறு செய்தல் இயலாது. இறுகாத எப்பாக்சி தோலில் அடுத்தடுத்துப் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை தோன்றும். ஒருமுறை அவ்வொவ்வாமை நிலைத்துவிட்டால் பின்னர்ச் சிறுதுளி பட்டாலும் தோல் தடித்துச் சிவக்கும். பாலியூரித்தேனின் கெட்டியாக்கியாகிய ஐசோசயனேட்டு மூச்சுக்குழாயைத் தாக்கி ஈளைநோயை உண்டாக்க வல்லது. இத்தீமைகள் அன்றைக்கே தோன்றாமையால் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. தோன்றியபின் நீங்குதல் அரிது.

ஆகவே மாணவர் இவ்வேலையைத் தனித்துச் செய்தல் கூடாது. ஆசிரியரோ பெற்றோரோ உடனிருத்தல் வேண்டும். நைட்ரைல் கையுறையும் காப்புக் கண்ணாடியும் அணிதல் வேண்டும். காற்று நன்கு உலவும் இடத்தில் அமர்தல் வேண்டும். அடுக்களையிலும், உண்ணும் இடத்திலும் வேலை செய்தல் ஆகாது. கலக்கப் பயன்பட்ட குவளையை மீண்டும் உணவுக்கு எடுத்தலும் ஆகாது. பிசின் தோலிற் பட்டால் வழலைக்கட்டியும் நீரும் கொண்டு உடனே கழுவுதல் வேண்டும். வண்ணக் கரைப்பான்களால் துடைத்தால் பிசின் தோலினுள் மேலும் ஊடுருவும். கண்ணிற் பட்டால் நெடுநேரம் நீரால் அலசி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இறுகிய வார்ப்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் திருத்தும்போது நுண்துகள் எழும். நீர்விட்டுத் தேய்த்தால் துகள் காற்றிற் பரவாது. அத்துடன் தூசி தடுக்கும் முகமூடியும் அணிதல் வேண்டும். எஞ்சிய பிசினைச் சாக்கடையில் ஊற்றலாகாது. கலந்து இறுகச் செய்து, கட்டியான பின்னரே கழித்தல் வேண்டும். அக்கட்டியும் எளிதில் மட்கும் பொருளன்று. ஆகையால் தேவைக்கு மேல் வார்க்காமையே நாட்டிற்குச் செய்யும் நன்மை.

தொழிலில் அறம்

அச்செடுக்கத் தெரிந்தவர் எதனையும் படியெடுக்க வல்லவராவர். வல்லமை வந்தபோதே அறமும் உடன் வருதல் வேண்டும். ஒருவர் பல நாள் கண்விழித்துச் செதுக்கிய உருவை விலைக்கு வாங்கி, அதற்கு அச்செடுத்துப் பல வார்த்து விற்பார் உளர். அவர் திருடியது பிசினை அன்று; பிறர் உழைப்பை. படைத்தவர் அதனால் ஊக்கம் இழந்து அத்தொழிலையே கைவிடுவதும் உண்டு. படைப்போர் இல்லாதபோது படியெடுப்போர்க்கும் பொருள் இல்லை. ஆதலின் தம் கையாற் செய்த மூலவுருவுக்கு அச்செடுத்தலே நேர்மை. பிறருடையதாயின் அவர்தம் இசைவைப் பெறுதல் வேண்டும்.

முதல் வார்ப்பு பெரும்பாலும் முழுமையாக அமைவதில்லை. ஓரிடத்தில் குமிழி நிற்கும். ஓரிடத்தில் பிசின் சென்று சேராது. அதனைத் தூக்கி எறியாமல் முன்னே வைத்து ஆராய்தல் வேண்டும். குமிழி நின்ற இடம், காற்றுவழி இட வேண்டிய இடத்தைக் காட்டும். பிசுபிசுத்த பரப்பு, கலவையின் குறையைக் காட்டும். இரு பாதிகளுக்கிடையே படர்ந்த தகடு, அச்சு சரிவரக் கட்டப்படாமையைக் காட்டும். குறைபட்ட வார்ப்பும் இவ்வாறு ஆசிரியராகின்றது.

ஐம்பது கிராம் பிசினை அளவோடு கலந்து, காலம் அறிந்து ஊற்றி, இறுகும்வரை பொறுத்திருந்து எடுக்கும் மாணவர், சக்கரங்களை மட்டும் பெறுவதில்லை. அளவறிதல், காலமறிதல், பொறுத்தல், பிறர் உழைப்பை மதித்தல் ஆகிய நற்பண்புகளையும் பெறுகின்றனர். கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுதலால் விளையும் பெரும்பயன் இதுவே. மாணவர் இதனை உணர்ந்து, மூத்தோர் துணையோடு, முறை தவறாது செய்து பழகுவாராக.

பயிற்சி வினாக்கள்

1. சுவாமிமலை மெழுகு வார்ப்புக்கும் பிசின் வார்ப்புக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
2. பிசின் இறுகுவதற்கும் மெழுகு இறுகுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. 100 பங்குக்கு 30 பங்கு என்னும் எடையளவில், 60 கிராம் அடிப்பிசினுக்கு வேண்டிய கெட்டியாக்கி எவ்வளவு?
4. இருபக்க அச்சில் முளைகளும் குழிகளும் அமைப்பதன் பயன் யாது?
5. "குறைபட்ட வார்ப்பும் ஆசிரியராகின்றது": இக்கூற்றை விளக்கி ஒரு பத்தி வரைக.